தேசிக்குத் தண்ணீர்

1

என் கணவர் அருளப்பு எழுவைதீவில் காலமாகி ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிவிட்டன. அன்றிலிருந்து எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் ஒரே வார்த்தைதான் திரும்பத் திரும்ப வருகிறது. சொந்த மண்ணில் கண்ணை மூடக் கொடுத்துவைத்த மனிதர். கனடாவில் இருப்பவர்களும் அதைச் சொல்கிறார்கள், ஊர்காவற்றுறையில் இருப்பவர்களும் அதைச் சொல்கிறார்கள். சுவிஸிலிருந்து எடுத்த ஒருவர், தன் தகப்பனுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை என்று சொல்லி அழுதார். நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

எல்லாரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அது உண்மை இல்லை. அவர் சொந்த மண்ணுக்குப் போக ஆசைப்படவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தேன். ஊரில் உள்ளவர்கள் வாசிக்க வேண்டும் என்றே நடந்ததை நடந்தபடி இங்கே எழுதுகிறேன்.

2

நாங்கள் நோர்வேயின் வடக்கே, கடலோரத்தில் உள்ள ஒரு சிறிய ஊரில் இருக்கிறோம். இருக்கிறேன் என்று எழுத வேண்டும், இன்னும் பழகவில்லை. வந்த நாளிலிருந்து இருவருக்கும் மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை. அவர் எழுவைதீவில் கடலுக்குப் போனவர். இங்கே வந்த பிறகு, கரைக்கு வந்துசேர்ந்த மீனை மட்டும் பார்த்தார். வெள்ளை உடுப்பும் இறப்பர் சப்பாத்துமாக நின்று முள் எடுத்தார். கார்த்திகை முடிவிலிருந்து தை நடுவரைக்கும் இங்கே சூரியன் எழும்புவதில்லை. மத்தியான நேரத்தில் ஒரு சாம்பல் வெளிச்சம் வந்து இரண்டு மணித்தியாலத்தில் போய்விடும்.

எங்கள் மகள் ஜெனிற்றாவுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் ஒரு விதை முளைக்க வைத்து மூன்று கிழமையில் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அன்று மீன் பொரியலுக்கு வெட்டிய எலுமிச்சம்பழத்தின் விதைகள் குசினி மேசையில் கிடந்தன. இங்கத்தைய பெரிய மஞ்சள் பழம்தான். எங்கள் வாய்க்கு அதுவும் தேசிக்காய். அவள் ஐந்து விதைகளைக் கழுவினாள். அவர் நகத்தால் மேல்தோலை உரித்துக் கொடுத்தார். ஈரக் கடதாசியில் சுற்றி, தயிர்க் கோப்பைக்குள் வைத்து, குளியலறை மூலையில் வைத்தார்கள். இங்கே குளியலறைத் தரைக்குக் கீழே சூடு ஓடும். வீட்டில் ஊர்ச் சூடு உள்ள இடம் அது ஒன்றுதான்.

மூன்று கிழமையில் ஒன்றும் வரவில்லை. ஜெனிற்றா அழுதுவிட்டு ஒரு பயற்றங்கொட்டையை முளைக்க வைத்துக் கொண்டுபோய்க் காட்டினாள். பிறகு தயிர்க் கோப்பையை மறந்துபோனாள். அவர் மறக்கவில்லை. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றியதும் முதலில் குளியலறைக்குப் போய்க் கடதாசியை நனைப்பார். இரண்டு மாதம் ஆகப் போகும் நேரத்தில் ஒரு விதை மட்டும் வெடித்து வெள்ளை வேர் விட்டது. அன்று மகள் சிநேகிதியின் பிறந்தநாளுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தவளைக் கையில் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டினார். அவள் பார்த்துவிட்டு, நல்லது அப்பா என்று நோர்வே மொழியில் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.

அந்த மரம் பதினேழு வருடமாக எங்கள் முன்னறை யன்னலோரம் நிற்கிறது. இதுவரை ஒரு பூக்கூடப் பூக்கவில்லை. இலையைக் கசக்கினால் மட்டும் வாசம் வரும். ஒரு சின்ன மண்ணிறப் பூச்சி வந்து இலையின் அடியில் ஒட்டிக்கொள்ளும். அவர் பஞ்சைச் சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்து ஒவ்வொரு இலையாகத் துடைப்பார். இருட்டுக் காலத்துக்கென்று ஒரு விசேட விளக்கு வாங்கி மரத்தின் தலைக்கு மேலே தொங்கவிட்டார். சனிக்கிழமைகளில் சாடியைக் கொஞ்சம் திருப்பி வைப்பார், ஒரு பக்கம் சாய்ந்து வளரக்கூடாது என்று. தண்டை வீடு கூட்டும் தும்புத்தடியின் பிடியோடு நைலோன் நூலால் கட்டியிருந்தார். வலை முடிகிறவர்கள் போடும் முடிச்சு. கத்தியால் வெட்டினால் ஒழிய அவிழ்க்க ஏலாது.

எங்கள் ஊர் ஞாபகத்துக்காக அவர் மரம் வளர்த்தார் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் நினைத்தார்கள். எழுவைதீவில் அவர் வீட்டில் தேசிமரம் இருந்ததில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீர் உவர், தேசி நிற்காது. அவர் வளர்த்தது மகள் வைத்த விதையை.

3

பதின்மூன்று வயதில் ஜெனிற்றா சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இனிப் போகமாட்டேன் என்றாள். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் நோர்வே மொழியில் பதில் சொல்வாள். பிறகு கேட்பதற்கும் விஷயங்கள் குறைந்துவிட்டன. பத்தொன்பது வயதில் ஒஸ்லோவுக்குப் படிக்கப் போனாள். இப்போது அங்கே பாலம் கட்டும் நிறுவனம் ஒன்றில் பொறியியலாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பாள். பத்து நிமிடம். அவர் தொலைபேசியைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, சரி பிள்ளை, சாப்பிட்டனீரோ, சரி பிள்ளை என்று சொல்லி என்னிடம் தருவார்.

எங்கள் இருவரின் நோர்வே மொழியும் தொழிற்சாலையில் படித்தது. வைத்தியர் என்பதற்கும் விளையாட்டு என்பதற்கும் இங்கே கிட்டத்தட்ட ஒரே சத்தம், நடுவில் உள்ள எழுத்து மட்டும் கொஞ்சம் அழுத்தம். தமிழ் எழுத்தில் எழுதிப் படித்த எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஒருநாள் வேலைக்குத் தொலைபேசி எடுத்து, நெஞ்சு நோகிறது, இன்றைக்கு விளையாடப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மேற்பார்வையாளர் சிரித்துவிட்டு நன்றாக விளையாடு என்றார். அதை நான் பிறகு பலருக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஒரு சொல் பிசகினால் என்ன, சிரித்துவிட்டுப் போகலாம் என்றுதான் அந்த நாளில் நினைத்திருந்தேன்.

4

மாசி மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கண் விழித்தபோது நோர்வே மொழி முழுவதும் போயிருந்தது. தாதி காலை வணக்கம் சொன்னால், புதிதாக வந்து இறங்கியவர் மாதிரி என்னைப் பார்ப்பார். தமிழும் துண்டு துண்டாகத்தான் வந்தது. ஒரு சொல், பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை, பிறகு இன்னொரு சொல்.

மருத்துவமனையிலிருந்து நகரசபையின் பராமரிப்பு நிலையம் ஒன்றுக்கு மாற்றினார்கள். அங்கே ஏழு கிழமை இருந்தார். நான் வேலை முடிந்து போவேன். போனவுடன் அவர் கேட்பது ஒன்றுதான்.

"தேசிக்கு?"

"விட்டனான். நீங்கள் யோசியாதேங்கோ."

அவரை வீட்டுக்கு அனுப்புவதா, அங்கேயே வைத்திருப்பதா, வீட்டுக்கு அனுப்பினால் எத்தனை மணித்தியாலம் ஆள் வந்து உதவுவது என்று முடிவெடுக்க நகரசபையிலிருந்து ஓர் அலுவலர் வந்தார். பெரித் என்று பெயர். என் வயதிருக்கும், சாந்தமான பெண். உறவினர் மொழிபெயர்க்கக்கூடாது என்பது விதி என்றும், ஆனால் நான் பக்கத்தில் இருக்கலாம் என்றும் சொன்னார். மேசையில் ஒரு தொலைபேசியை வைத்தார். அதற்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் தமிழில் வணக்கம் சொன்னது. தமிழ்நாட்டுத் தமிழ்.

பெரித்திடம் ஒரு படிவம் இருந்தது. அதில் கடைசிக் கேள்வி, உங்களுக்கு எது முக்கியம் என்பது. அந்தக் குரல் கேட்டது: "ஐயா, உங்களுக்கு ரொம்ப முக்கியமானது எதுன்னு சொல்லுங்க."

அவர் நெடுநேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தொலைபேசியைப் பார்த்துச் சொன்னார்.

"தேசி... காயுது. போகோணும். தண்ணி..."

மொழிபெயர்ப்பாளர் இன்னொருமுறை சொல்லச் சொன்னார். அவர் திரும்பவும், "தேசி... போகோணும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் குரல் நோர்வே மொழியில் சொன்னது: தன்னுடைய தேசத்துக்குப் போக வேண்டும் என்கிறார். தண்ணீரும் கேட்கிறார்.

மொழிபெயர்ப்பாளரை நான் குறை சொல்லமாட்டேன். அவருடைய ஊரில் அந்தச் சொல் இல்லை. நான் வாயைத் திறந்தேன். பெரித் கையை மெல்ல உயர்த்தி, உங்கள் கருத்தைப் பிறகு கேட்கிறேன் என்றார். எழுதிக்கொண்டார். எழுதும்போது அவருடைய கண் கலங்கியிருந்தது. தாதி ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். என் கணவர் அதை இடது கையால் தள்ளிவிட்டார். கேட்ட தண்ணீர் அவருக்கு இல்லை.

பிறகு பெரித் என்னிடம் கேட்ட கேள்விகள் வேறு. படிக்கட்டு எத்தனை, கட்டிலின் உயரம் என்ன, இரவில் எத்தனை தரம் எழும்புகிறார். நானும் அதற்கெல்லாம் பதில் சொன்னேன். ஒரு மரத்தைப் பற்றிச் சொல்லி அவருடைய நேரத்தை வீணாக்குவதா என்று தோன்றியது.

5

இரண்டு கிழமையில் முடிவு வந்தது. வீட்டுக்கு அனுப்பினார்கள், காலையும் மாலையும் ஒருவர் வருவார். அறிக்கையின் ஒரு பிரதி ஜெனிற்றாவுக்கும் போனது. எங்கள் கடிதங்களை எல்லாம் அவள்தான் கணினியில் பார்ப்பாள். அன்று பின்னேரமே எடுத்தாள். ஞாயிறு இல்லை, செவ்வாய்க்கிழமை. தமிழில் கதைத்தாள். அவளுடைய தமிழ் பதின்மூன்று வயதில் நின்ற தமிழ். சின்னப் பிள்ளையின் வசனங்கள், பெரிய பெண்ணின் குரல்.

அறிக்கையில் முக்கியமானது என்ற கட்டத்தில் ஒரு வரி இருந்தது. தன் தாய்நாட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பதே அவருடைய விருப்பம். அவள் அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். பிறகு கேட்டாள்.

"அம்மா, அப்பா உண்மையா அப்பிடிச் சொன்னவரா?"

குசினியில் நின்றேன். கதவு வழியே முன்னறை தெரிந்தது. அவர் சக்கரக் கதிரையில் மரத்துக்குப் பக்கத்தில் இருந்தார். இடது கையால் ஓர் இலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தன்னை அங்கே தள்ளச் சொல்லியிருந்தார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

"ஓம்," என்றேன். "போகோணும் எண்டு சொன்னவர்."

அந்தப் பதிலில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஒரு வருடமாக யோசிக்கிறேன். அவள் தமிழில் கதைத்தது ஒரு காரணம். மற்றக் காரணம் இன்னும் வெட்கமானது. என் அம்மா ஊர்காவற்றுறையில் சண்டைக் காலத்தில் செத்தவ. நான் போகவில்லை, போக வழியும் இல்லை. பிறகு வழி வந்தபோது லீவு இல்லை, உடம்பு சரியில்லை, அடுத்த வருடம் பார்ப்போம் என்று போய்விட்டது. அம்மாவின் கல்லறையை நான் பார்த்ததில்லை. எனக்குப் போக வேண்டும்.

அதன்பிறகு ஜெனிற்றா ஒவ்வொரு நாளும் எடுத்தாள். மாதத்தில் இரண்டு தடவை விமானத்தில் வந்தாள். அப்பாவுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு சொற்களைக் கேட்டு எழுதினாள். சோளகம் என்றால் என்ன, கட்டுமரம் என்றால் என்ன. அப்பாவின் தேசத்தை நான் பார்க்கவே இல்லை என்று ஒருநாள் தேம்பித் தேம்பி அழுதாள். தகப்பன் அவளுடைய தலையில் கையை வைத்தார். அவர் சந்தோசமாக இருந்தார் என்றுதான் நினைக்கிறேன். மகள் பக்கத்தில் இருந்தாள், மரம் பக்கத்தில் இருந்தது.

வைத்தியர், பயணத்தைத் தான் தடுக்கவில்லை, ஆனால் பொறுப்பு குடும்பத்தினுடையது என்றார். ஆடி மாதத்துக்கு ரிக்கெற் போட்டாள். நான் அவரிடம் ஒரே ஒருமுறை கேட்டேன்.

"ஊருக்குப் போவமோ?"

"ஏன்?" என்றார்.

அந்த ஒரு சொல்லை நான் மகளிடம் சொல்லவில்லை.

6

ஊர்காவற்றுறைக்கு முதலில் போனோம். அம்மாவின் கல்லறையில் ஒரு மணித்தியாலம் இருந்தேன். அதைப்பற்றி இங்கே எழுதப்போவதில்லை. நான் போன காரியம் எனக்கு நிறைவேறியது, அவ்வளவுதான்.

அடுத்த நாள் இறங்குதுறையிலிருந்து வள்ளத்தில் எழுவைதீவுக்கு. சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. நாலு பேர் அவரைக் கதிரையோடு தூக்கி ஏற்றினார்கள். அலைத்தூவல் அடித்து, கரை சேரும்போது அவர் முழுதாக நனைந்திருந்தார். ஜெனிற்றா தன் மேற்சட்டையைக் கழற்றி அவரைப் போர்த்திவிட்டாள். கரையில் அவருடைய தம்பி சூசை காத்து நின்றார். அவருக்கும் அறுபது கடந்துவிட்டது. இப்போதும் கடலுக்குப் போகிறார். தமையனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் கணவர் அவரை அடையாளம் கண்டு சிரித்தார். ஜெனிற்றா அதைக் கைப்பேசியில் படம் எடுத்தாள். அந்தப் படத்தைத்தான் பிறகு எல்லாரும் பகிர்ந்துகொண்டார்கள்.

இரண்டு நாள் நல்லபடியாகப் போனது. சூசையின் முற்றத்து வேம்பின் கீழே இருத்தினோம். ஆட்கள் வந்து பார்த்தார்கள். மூன்றாம் நாள் அவர், "வீட்டை போவம்" என்று சொல்லத் தொடங்கினார். சூசையும் இன்னும் இரண்டு பேரும் அவரைப் பழைய வீட்டு வளவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே அத்திவாரமும் கிணறும்தான் மிச்சம். இதுதானே அண்ணை வீடு, பாருங்கோ என்றார் சூசை. அவர் பார்த்தார். பிறகு திரும்பவும், "வீட்டை" என்றார். எல்லாரும் அழுதார்கள். இடிந்து கிடப்பதை அவரால் நம்ப முடியவில்லை என்று சொல்லி அழுதார்கள். அவர் எந்த வீட்டைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். அது நாலாம் மாடியில், குளியலறைத் தரை சுடும் வீடு.

அன்று மத்தியானம் கதிரையில் இருந்தபடி, நல்ல தெளிவாக, முழு வசனமாகக் கேட்டார்.

"தேசிக்கு ஆர் தண்ணி விடுறது?"

பக்கத்து வீட்டு அன்னாவிடம் வீட்டுத் திறப்பைக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தோம். நான் அதைச் சொல்வதற்குள் சூசை எழும்பிவிட்டார். தேசிக்காயும் தண்ணியுமோ அண்ணை, கரைச்சுத் தாறன் என்றார். தீவில் தேசிக்காய் இல்லை. பின்னேர வள்ளத்தில் ஊர்காவற்றுறையிலிருந்து எடுப்பித்து, சீனி போட்டுக் கரைத்துக் கொடுத்தார். ஜெனிற்றா கிளாஸை அவருடைய வாயில் பிடித்தாள். இரண்டு மிடறு குடித்தார். பிறகு கிளாஸுக்குள் விரலை விட்டு, அடியில் கிடந்த விதைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். இடது கையால் என்பதால் நெடுநேரம் பிடித்தது. எடுத்ததை மகளின் உள்ளங்கையில் வைத்து அவளுடைய விரல்களை மூடிவிட்டார். தொண்டையில் சிக்கும் என்று பயந்து எடுக்கிறார் என்று அவள் நினைத்தாள். பரவாயில்லை அப்பா என்று சொல்லிவிட்டு, வேலிப் பக்கமாக எறிந்துவிட்டு, கையைக் கழுவி வந்தாள்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் தொடங்கியது. அன்று காற்று மோசம், வள்ளம் ஓடவில்லை. அடுத்த நாள் காலையில் கொண்டுபோனோம். ஊர்காவற்றுறையில் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். நெஞ்சில் சளி இறங்கிவிட்டது என்றார்கள். அவர்களால் ஏலுமானதைச் செய்தார்கள். இரண்டு நாளில் போய்விட்டார். திரும்பவும் வள்ளத்தில் கொண்டுவந்து, கோயிலுக்குப் பின்னால் தகப்பனுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். அடக்கம் முடிந்து வரும்போது ஜெனிற்றா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அப்பா கேட்டதை நாங்கள் செய்தனாங்கள்" என்றாள்.

நான் ஓம் என்றேன். அது இரண்டாவது ஓம்.

7

திரும்பி வந்தபோது வீட்டில் மரம் பச்சையாக நின்றது. அன்னா தண்ணீர் விட்டிருந்தார். முதல் மாதம் அதைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். பிறகு இருட்டுக் காலம் வந்தது. விளக்கைப் போட்டேன். அறையில் அந்த விளக்கின் கீழேதான் இருந்து சாப்பிட்டேன். வேறு இடத்தில் சாப்பிட மனம் வரவில்லை.

ஜெனிற்றா அந்த வருடம் முழுக்கத் தமிழில்தான் என்னோடு கதைத்தாள். ஒஸ்லோவில் பெரியவர்களுக்கான தமிழ் வகுப்பு ஒன்றில் சேர்ந்திருந்தாள். ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்தபோது, பூசை முடிவில் வாசிப்பதற்கென்று தன் கையால் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். முதல் நாள் மாலை முன்னறையில் நின்று எனக்கு வாசித்துக் காட்டினாள். எழுத்துப் பிழை இருந்தால் சொல்லுங்கோ என்றாள்.

என் அப்பா முப்பத்திரண்டு வருடம் இந்த நாட்டில் வாழ்ந்தார். ஆனால் அவருடைய மனம் இங்கே இருக்கவில்லை. எல்லா மொழியும் அவரை விட்டுப் போனபோதும் தேசம் என்ற ஒரு சொல் மட்டும் போகவில்லை. அந்தச் சொல்லை நான் கேட்டேன், அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். என் வாழ்க்கையில் அப்பாவுக்காக நான் செய்த ஒரே நல்ல காரியம் அது.

இதில் எந்த எழுத்துப் பிழையும் இல்லை. அவள் தலையை உயர்த்தி என்னைப் பார்த்தாள். நாளைக்கு இதை நூறு பேருக்கு முன்னால் வாசிக்கப் போகிறாள். அவர் முப்பத்திரண்டு வருடமும் மனம் இல்லாமல் இருந்தார் என்று அவளே தன் வாயால் சொல்லப் போகிறாள். அவர் தினமும் வந்து சப்பாத்தைக் கழற்றியதும் அவளுடைய விதையை நனைக்கப் போன மனிதர். எனக்குப் பொறுக்க ஏலாமல் போய்விட்டது.

"பிள்ளை, இதை வாசியாதேயும்," என்றேன். "அப்பா தேசம் எண்டு சொல்லேல்லை. தேசி எண்டுதான் சொன்னவர்."

அவளுக்கு விளங்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். படிவம், தொலைபேசி, அவர் தள்ளிவிட்ட தண்ணீர். அவர் சொன்ன சொற்களை அப்படியே சொல்லச் சொன்னாள். சொன்னேன். இன்னொருமுறை சொல்லச் சொன்னாள். பிறகு மெல்ல யன்னல் பக்கம் பார்த்தாள்.

"நான் ஸ்கூலுக்கு வைச்ச மரமா?"

"ஓம்."

"அம்மாவுக்கு எப்ப தெரியும்?"

"அண்டைக்கே தெரியும்."

கதிரையில் இருந்தாள். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அப்பா எனக்கு விதை தந்தவர். நான் எறிஞ்சனான்."

அடுத்த நாள் அவள் பூசைக்கு வந்தாள். வாசிக்கவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று நான் ஆட்களுக்குச் சொன்னேன். சாப்பாட்டின்போது ஒருவர் அவளுடைய தோளைத் தட்டி, தகப்பனைச் சொந்த மண்ணில் சேர்த்த பிள்ளை என்றார். அவள் நன்றி சொன்னாள். பின்னேரம் விமானத்துக்குப் போகும்போது வாசலில் நின்று கேட்டாள்.

"கூட்டிக்கொண்டு போகாட்டி அப்பா இருந்திருப்பாரா?"

"அது எனக்குத் தெரியாது."

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள், அதற்கு அம்மாவின் கல்லறையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று எண்ணியிருந்தேன். அவள் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எடுத்தாள். பத்து நிமிடம். நோர்வே மொழியில்.

8

போன மாதம் நகரசபைக்குப் போனேன். பெரித் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார். என்னைக் கண்டதும் எழும்பி வந்து கையைப் பிடித்தார். உங்கள் கணவரை நினைத்துக்கொள்வேன், அவருடைய ஆசை நிறைவேறியது என்று மகள் எனக்கு எழுதியிருந்தாள் என்றார். நான் என் நோர்வே மொழியில், பிழை விடாமல் இருக்க மெதுவாக, அறிக்கையில் உள்ள ஒரு வரி தவறு, அதைத் திருத்த வேண்டும் என்றேன். காரணத்தையும் சொன்னேன். எலுமிச்சை மரம் என்பதற்கு இங்கத்தைய சொல் எனக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொன்னேன்.

அவருடைய முகம் மாறிவிட்டது. நான் உங்களைப் பேச விடவில்லை, இல்லையா என்று கேட்டார். பிறகு கேட்கிறேன் என்றீர்கள், கேட்டபோது நான் சொல்லவில்லை என்றேன்.

இறந்தவரின் பதிவுக் கோவையில் எதையும் மாற்ற முடியாது என்றார். கணினியில் அந்தப் பக்கம் பூட்டப்பட்டுவிட்டது. ஆனால் உறவினரின் குறிப்பு என்று ஒரு தாளைச் சேர்க்கலாம். கடதாசியும் பேனையும் தந்தார். நான் எழுதினேன்.

என் கணவர் தன் நாட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லவில்லை. வீட்டில் எங்கள் மகள் விதை போட்ட மரம் இருந்தது. அதற்குத் தண்ணீர் விட வேண்டும் என்று சொன்னார். நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். நான் யாருக்கும் சொல்லவில்லை. எங்கள் மகள் சரியாகச் செய்தாள், அவளுக்குப் பிழையாகச் சொல்லப்பட்டது.

பெரித் வாசித்தார். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை இருக்கிறது, திருத்தவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். முத்திரை குத்தி, பிரதி எடுத்துத் தந்தார்.

அந்தப் பிரதியைப் படம் எடுத்து ஜெனிற்றாவுக்கு அனுப்பினேன். அவள் அதைத் திறந்து பார்த்துவிட்டாள் என்று கைப்பேசி காட்டுகிறது. இன்று ஒன்பதாம் நாள். பதில் வரவில்லை.